ஈயத்தால் ஆட்டிசம் வருமா? பேட்டரிக் கொட்டகைக்கு அருகில் குடியிருக்கும் ஒரு தாய்க்கு

திருநெல்வேலி டவுணை ஒட்டிய தெரு ஒன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு மூன்று வயது. பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு நாலைந்து கதவு தள்ளி, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை இருக்கிறது. பையன் மண்ணையும் சுவர்க் காரையையும் எடுத்து வாயில் போடுகிறான். "அந்த ஈயம்தான் என் பிள்ளையை இப்படி ஆக்கியதா? அதை உடம்பிலிருந்து எடுத்துவிட்டால் பேசிவிடுவானா? ஊசி போட்டு எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், போகலாமா?" இவை மூன்றும் அவருடைய கேள்விகள். இப்போது ஐந்து மாதக் கர்ப்பமாக இருப்பதாகவும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

மூன்றாவது கேள்விதான் அவசரமானது, அதனால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். போகாதீர்கள். இரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் ஊசி போட முன்வரும் எவரிடமும் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்.

அவர் சொல்வது கிலேஷன் என்னும் சிகிச்சை. உலோகத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து அது. ஈய நச்சு முற்றிய குழந்தைக்கு அது உயிர்காக்கும் மருந்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மருந்துக்கு ஈயத்தை மட்டும் பொறுக்கி எடுக்கத் தெரியாது. உடலுக்குத் தேவையான துத்தநாகம், இரும்பு, கால்சியம் போன்றவற்றையும், மருந்தின் வகையைப் பொறுத்து, இழுத்துக்கொண்டு போகும். 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இந்தச் சிகிச்சையின்போது இரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்துபோனான். ஆட்டிசத்துக்காக இதைச் சோதித்துப் பார்க்க அந்நாட்டு அரசின் மனநல ஆய்வு நிறுவனம் போட்டிருந்த திட்டம் 2008-இல் கைவிடப்பட்டது. ஈயமே ஏறாத எலிக்குட்டிகளுக்கு இந்த வகை மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் கற்கும் திறன் குறைந்ததை அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியிருந்தது.

முதலில் மருந்தைக் கொடுத்து, பிறகு சிறுநீரைச் சோதித்து, "பாருங்கள், எவ்வளவு ஈயம் வருகிறது" என்று காட்டுவார்கள். மருந்து உள்ளே போனால் எந்தப் பிள்ளைக்கும் அந்த எண் உயரும். தலைமுடியை அனுப்பிச் செய்யும் சோதனையையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நம்ப வேண்டியது, கைநரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஈய அளவு எவ்வளவு என்ற ஒரே பரிசோதனையைத்தான். வழக்கமான இரத்தப் பரிசோதனைப் பட்டியலில் அது இருக்காது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியும் வரலாம். விரல் நுனியில் குத்தி எடுத்து அளவு கூடுதலாக வந்தால், தோலில் ஒட்டிய தூசிகூட அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதால், நரம்பிலிருந்து எடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது? 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்பதே கணக்கு. இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் 3.5-ஐ எச்சரிக்கை அளவாக வைத்திருக்கிறது. 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கிலேஷன் மருந்து தர அது பரிந்துரைப்பது 45-ஐத் தொட்டால்தான். அதையும் மருத்துவமனையில், குழந்தை மருத்துவரின் கண்காணிப்பில் செய்ய வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. அந்த ஈயம்தான் காரணமா? ஆராய்ச்சிகள் சொல்வதை எடை போட்டுப் பார்த்தால், ஈயத்துக்கும் ஆட்டிசத்துக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. ஈயம் ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை. உங்கள் மகன் ஒருவனைக் காட்டி, இவனுக்கு இதனால்தான் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. சொல்பவர் இருந்தால், அடுத்து எதையாவது விற்கப்போகிறார் என்று எச்சரிக்கையாக இருங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் இரத்தத்தில் சராசரியாக ஈயம் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. படித்தவுடன் நெஞ்சு பதறும் செய்திதான். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு இரத்தம் எடுத்தவை. உங்கள் மகனையே எண்ணிப் பாருங்கள். மற்றப் பிள்ளைகள் பொருள்களை வாயில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்ட வயதிலும் அவன் மண்ணைத் தின்கிறான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது பரவலாக இருக்கிறது. ஈய நச்சு ஏறி வந்த பிள்ளைகளை ஒப்பிட்டு, பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிச வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அந்த நச்சு அதிக வயதில் பிடிபட்டது. இறங்க நெடுநாள் ஆனது. சிகிச்சைக்குப் பிறகும் மீண்டும் ஏறியது. அதாவது ஈயம் ஆட்டிசத்துக்கு முன்னால் வந்ததா, ஆட்டிசத்தோடு சேர்ந்த பழக்கத்தால் பின்னால் வந்ததா என்பதை அந்த இரத்த அளவு மட்டும் சொல்லாது. இவ்வகைப் பிள்ளைகளில் பலர் இரண்டு மூன்று உணவுகளைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். அதனால் இரும்புச்சத்து குறைகிறது. இரும்பு குறைந்த குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சுகிறது. இரும்புக் குறைவே மண் தின்னும் ஆசையையும் தூண்டுகிறது. இந்தச் சுழலில் எது தொடக்கம் என்று பிரிப்பது அவ்வளவு எளிதல்ல.

முன்னதையும் பின்னதையும் பிரித்தறிய நல்ல முயற்சி ஒன்று 2017-இல் வந்தது. பால்பல் கருவிலேயே உருவாகத் தொடங்கி, நாளுக்கு நாள் படலம் படலமாக வளர்கிறது. விழுந்த பல்லை லேசர் கொண்டு படலம் படலமாக ஆராய்ந்தால், பிறப்பதற்கு முன்பும் பிறந்த பிறகும் எந்தக் காலத்தில் எந்த உலோகம் எவ்வளவு ஏறியது என்று படிக்கலாம். மணீஷ் அரோரா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சுவீடன் நாட்டு இரட்டையர்களின் பால்பற்களை இப்படி ஆராய்ந்தார்கள். ஆட்டிசம் வந்த பிள்ளையின் பல்லில், பிறப்பை ஒட்டிய மாதங்களில் ஈயம் கூடுதலாகவும், மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவை சில காலக்கட்டங்களில் குறைவாகவும் இருந்தன. மிக முக்கியமான ஆய்வு, ஆனால் சிறியது. அதிகமான ஈயம் வெளியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், அந்தக் குழந்தையின் உடல் உலோகங்களைக் கையாளும் விதமே வேறாகவும் இருக்கலாம். தென்கொரியாவில் பள்ளிப் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வும், ஏழு வயதில் இரத்த ஈயம் சற்றுக் கூடியிருந்தவர்களிடம் பின்னாளில் ஆட்டிசச் சாயலுள்ள நடத்தைகள் சற்றே அதிகம் என்று கண்டது. சாயல் என்பது வேறு, நோயறிதல் என்பது வேறு.

எதிர்ப்பக்கமும் ஒரு வலுவான செய்தி இருக்கிறது. 1970-களின் இறுதியில் அமெரிக்கக் குழந்தைகளின் சராசரி இரத்த ஈயம் ஏறக்குறைய 15. பெட்ரோலில் ஈயம் கலப்பதைக் குறைத்து நிறுத்தியதும் அது மளமளவென இறங்கியது. 1990-களின் தொடக்கத்தில் நான்குக்கும் கீழே வந்துவிட்டது. அதன் பிறகுதான் அங்கே ஆட்டிசம் என்று கண்டறியப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அந்த ஏற்றத்தில் பெரும்பகுதிக்கு, வரையறை விரிந்ததும் மருத்துவர்கள் கூர்ந்து பார்க்கத் தொடங்கியதும் காரணம். அப்படியிருந்தும், ஈயம் முதன்மைக் காரணமாக இருந்திருந்தால் இவ்வளவு பெரிய சரிவு எங்கேயாவது தெரிந்திருக்க வேண்டும். இரட்டையர் ஆய்வுகளும் குடும்ப ஆய்வுகளும் ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கே பெரிது என்று திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஐந்து நாடுகளின் தரவுகளை வைத்து 2019-இல் வந்த கணக்கு அதை ஏறக்குறைய 80 சதவீதம் என்றது.

ஆகவே கர்ப்பத்தில் நீங்கள் எதைத் தின்றீர்கள், எங்கே குடியிருந்தீர்கள் என்று யாராவது குத்திப் பேசினால், அதற்குத் தலைகுனியாதீர்கள். மாமியாரோ மதினியோ அக்கம்பக்கத்தாரோ, யார் சொன்னாலும் அது மருத்துவத்தில் நிரூபணமான பேச்சு அல்ல. தடுப்பூசியைக் காரணம் காட்டுபவர்களும் வருவார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் என்ற மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. வரப்போகும் குழந்தைக்கு ஒரு தடுப்பூசியைக்கூடத் தவறவிடாதீர்கள்.

ஆட்டிசத்துக்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லையே, அப்படியானால் கொட்டகையை விட்டுவிடலாமா? கூடவே கூடாது. ஈயம் குழந்தையின் மூளைக்குச் செய்யும் கேட்டில் ஐயத்துக்கு இடமே இல்லை. 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளின் பால்பற்களில் ஈயத்தை அளந்து, அது கூடியவர்களுக்கு அறிவுத்திறனும் கவனமும் குறைந்திருப்பதைக் காட்டினார். 2005-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரத்த ஈயம் 2.4-இலிருந்து 10-க்குப் போவதற்குள்ளேயே அறிவுத்திறன் அளவில் ஏறக்குறைய நான்கு புள்ளிகள் குறைந்திருந்தன. நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளக் கால்சியம் வேண்டும். ஈயம் அந்தக் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூளையின் இணைப்புகள் அதிவேகமாக உருவாகும் முதல் சில ஆண்டுகளில் நடக்கும் இந்தக் கெடுதல், பேச்சு, கவனம், பொறுமை எல்லாவற்றையும் தொடுகிறது. விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகம் உறிஞ்சுகிறார்கள். ஏற்கெனவே பேச்சுக்குப் போராடும் ஒரு பிள்ளையின் மேல் இந்தச் சுமையையும் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை.

வண்டி பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, தகடுகளைத் திறந்தவெளியில் உருக்கினால், புகை அடங்கிய பிறகும் தூசி தெருமண்ணிலேயே தங்கிவிடுகிறது. மழையும் வெயிலும் அதைச் சிதைக்காது. செனகல் நாட்டில் தக்கார் நகரை ஒட்டிய ஒரு குடியிருப்பில், பேட்டரி ஈயம் கலந்த மண்ணால் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். இப்படிப்பட்ட வேலையை வீடுகளுக்கு நடுவே செய்ய எந்த அனுமதியும் கிடைக்காது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்றவர்கள் மட்டுமே அதைச் செய்யலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தெருவாசிகள் பத்துப் பேர் கையெழுத்திட்டால் நல்லது. அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் உங்கள் மகனைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். அப்பாவின் சட்டையிலேயே தூசி வீட்டுக்கு வந்துவிடுகிறது. அந்தக் குடும்பங்களிடம் சண்டைக்குப் போகாமல், அவர்கள் பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பழுதானால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்வதும் இதில் சேரும்.

மனுவுக்குப் பலன் வரும்வரை வீட்டுக்குள் செய்ய நிறைய இருக்கிறது. தரையை விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். ஜன்னல் விளிம்பை மறக்காதீர்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண்ணில் விளையாடாமல் தடுப்பதைவிட, விளையாட வேறு இடம் கொடுப்பது எளிது. நல்ல ஆற்று மணலை ஒரு தொட்டியில் நிரப்பி மூடி வையுங்கள். வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் ஏறும் என்பதால் பசியோடு விடாதீர்கள். கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் என்று அவன் ஏற்றுக்கொள்ளும் வடிவில் எதையாவது கொடுங்கள். இரும்புச்சத்துப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

அவன் சுரண்டித் தின்னும் காரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு மட்டும் அடித்த சுவரில், கொட்டகைத் தூசி படியாதவரை, ஈய ஆபத்து பெரிதாக இல்லை. எனாமல் பெயின்ட் அடித்த பழைய கதவும் ஜன்னலும்தான் அதைவிடச் சந்தேகத்துக்குரியவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சையும் மஞ்சளும் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது அந்தப் பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நாளும் நீங்களும் பிள்ளையும் ஆச்சி வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருந்துகொள்ளுங்கள்.

சமையலறையில் முதலில் பார்க்க வேண்டியது மஞ்சள். நிறம் தூக்கிக் காட்டக் கிழங்கின் மேல் லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் பூசுவது வங்கதேசத்தில் ஆய்வுகளால் அம்பலமாகி, 2019-க்குப் பிறகு அரசு நடவடிக்கையால் அங்கே பெரிதும் குறைந்தது. நம் நாட்டில் பாட்னா, குவாஹாட்டி சந்தைகளின் மெருகேற்றிய மஞ்சளில் மிக அதிகமாக இருந்ததை 2024-இல் வெளியான ஆய்வு சொன்னது. கண்ணைப் பறிக்கும் பளபளப்பான கிழங்கை வாங்காதீர்கள். மங்கலான, மெருகு போடாத கிழங்கை வாங்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். ரசத்துக்கான ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்படுவது. அது வேறு உலோகம், நல்லதாக இருந்தால் பயமில்லை. நான் இதுவரை எழுதியதெல்லாம் காரீயம் பற்றி. ஆனால் காரீயம் கலந்த மலிவான சொம்பில் புளி ரசம் கொதித்தால், புளிப்பு அதைக் கரைத்து எடுத்துவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போதும் இதே கவனம் வேண்டும். நம்பிக்கையான இடம் தெரியாவிட்டால் எவர்சில்வரில் வைத்துவிடுங்கள். காருகுறிச்சி மண்சட்டிக்குப் பளபளப்புப் பூச்சு கிடையாது, தாராளமாகப் பயன்படுத்தலாம். சுருமா மை குழந்தையின் கண்ணுக்கு வேண்டாம். அதில் பல வகைகள் ஈயத் தாதுவையே அரைத்துச் செய்தவை. உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதையும் பெயர் தெரியாத ஆளிடம் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைப் பக்கத்திலிருந்து இதைப் படிக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வலையில் கட்டும் ஈயக்குண்டை வீட்டு அடுப்பில் உருக்கி வார்த்தால், பேட்டரிக் கொட்டகையின் புகையும் தூசியும்தான் வீட்டுக்குள் வரும். வார்த்ததையே கடையில் வாங்குங்கள், பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி மிச்சம் இருக்கிறது: ஈயம் இறங்கினால் பேச்சு வருமா? 1990-களில் அமெரிக்காவில், இரத்த ஈயம் 20 முதல் 44 வரை இருந்த 780 சிறு குழந்தைகளில் ஒரு பாதிக்குக் கிலேஷன் மருந்தும், மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்து எடுத்தவர்களின் இரத்த ஈயம் வேகமாக இறங்கியது. அறிவுத்திறனிலும் நடத்தையிலும் இரு பாதிக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஈயத்தை எடுப்பதைவிட ஏறாமல் தடுப்பதற்கே பலன் என்பதை அந்த ஆய்வு கசப்பாகக் கற்றுக்கொடுத்தது. எனவே பேச்சுக்கான வேலையை ஈயம் இறங்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான ஆரம்பநிலைச் சிகிச்சை எங்கே தரப்படுகிறது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். காது கேட்கும் திறனைச் சோதிக்காமல் விட்டிருந்தால் முதலில் அது. பிறகு பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைப் பழக்கும் செயல்முறைப் பயிற்சியும். வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் அங்கே நடப்பதை, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் நீங்கள் தொடர வேண்டும். அவன் எதைப் பார்க்கிறானோ அதன் பெயரைச் சொல்லுங்கள், அவன் பதில் தரக் காத்திருங்கள். பேச்சு வராவிட்டாலும், கை காட்டிக் கேட்பதும் படத்தைத் தொட்டுக் கேட்பதும் அவனுக்கு ஒரு மொழிதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்காக உங்கள் இரத்தத்தையும் அதே நாளில் சோதித்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக உடலில் ஏறிய ஈயம் எலும்பில் தங்கியிருக்கும். கர்ப்பகாலத்தில் குழந்தைக்காக எலும்பு கால்சியத்தை விட்டுக்கொடுக்கும்போது ஈயமும் சேர்ந்து வெளிவந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து போகும். உங்கள் அளவு 5 அல்லது அதற்கு மேல் இருந்து, உணவில் கால்சியமும் போதாமல் இருந்தால், கால்சியம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரும்புக் குறைவு இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம், இரும்பு மாத்திரைகளை இப்போது தவறாமல் சாப்பிடுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் காலையும் இரவுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மசக்கையில் தொடங்கி இன்னும் திருநீறோ மண்ணோ சாம்பலோ தின்னத் தோன்றினால், வெட்கப்படாமல் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். முடியுமானால் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் நாளை முன்னுக்குத் தள்ளி, மகனையும் கூட்டிக்கொண்டு இந்த மாதமே கிளம்புங்கள். அங்கிருந்து ஹைகிரவுண்டுக்குப் பஸ் வசதி இருந்தால் அவன் பயிற்சியும் விட்டுப்போகாது. ஒன்றிரண்டு மாதம் கழித்து அவன் இரத்தத்தை மறுபடி சோதித்து, முதல் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு இறங்கியிருந்தால் அந்தத் தெருவும் வீடும்தான் மூலம் என்பதற்கு அது வலுவான சான்று. கலெக்டரிடம் கொடுக்கும் அடுத்த மனுவோடு அந்த இரண்டு அறிக்கைகளின் நகலையும் இணையுங்கள்.